வெளியே நிறுத்தப்பட்ட கால்சியம்

அம்மாவுக்குக் காலையில் ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கால்சியம் மாத்திரை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா செல்போனில் எதையோ காட்டிவிட்டுப் போயிருந்தார். அம்மா அதையே நினைத்துக்கொண்டிருந்தார். "ஏங்கண்ணு, இந்த பிரஷர் மாத்திரை கால்சியத்தைத் தடுக்குறதாமா. அதைக் காத்தால முழுங்கிட்டு, ராத்திரிக்குக் கால்சியத்தையே முழுங்குறனே, ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்காதா?"

"அடிச்சுக்காதும்மா, நீ பாட்டுக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். பதில் சரிதான், ஆனால் அது ஏன் சரி என்று சொல்லப் போனால் எங்கெங்கோ போக வேண்டியிருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

நான் கோவையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்குக் கால்சியம் என்பது ஓர் எண். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருந்தால் சரி. சர்க்கரையானால் நல்ல ஆரோக்கியமானவருக்குக்கூட சாப்பாட்டுக்கு முன் 85, பின் 130 என்று ஏறி இறங்கும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். கால்சியம் 10-லிருந்து 13-க்குப் போனால் டாக்டருக்கு போன் அடித்துச் சொல்லுவோம். சில சமயம் பைத்தியக்காரத்தனமான எண்கள் வரும். ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற பொருள் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கால்சியம் கிடைக்காத ரத்தம் உறையாது. அந்தக் குழாயின் ரத்தத்தை யாராவது அவசரத்தில் வேறு குழாயில் ஊற்றிவிட்டால் கால்சியம் 3, பொட்டாசியம் 15 என்று இயந்திரம் காட்டும். அப்படிப்பட்ட ரத்தத்தோடு ஒருவர் படியேறி வந்து ரசீது கட்டியிருக்க முடியாது என்பதால் உடனே பிடிபட்டுவிடும்.

பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். நாங்கள் அளப்பது ரத்தத்தில் ஓடும் மிச்சசொச்சம். அதிலும் கிட்டத்தட்ட பாதி, ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதம் போன்றவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மீதிப் பாதிதான் வேலை செய்கிற கால்சியம். ஆனால் உண்மையான கூத்து நடப்பது செல்லுக்குள்ளே, அது எங்கள் ரிப்போர்ட்டில் வருவதே இல்லை.

செல்லுக்கு வெளியே இருக்கும் கட்டற்ற கால்சியம், உள்ளே இருப்பதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். சோடியத்துக்கு இந்த வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு மடங்குதான். கால்சியத்தின் மேல் மட்டும் செல்லுக்கு ஏன் இவ்வளவு பகை? பாஸ்பேட்தான் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். செல்லின் குடும்பமே பாஸ்பேட்டில் ஓடுகிறது. ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி.யில் பாஸ்பேட், டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் பாஸ்பேட். கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாகச் சேர்ந்தால் திடப்பொருளாகப் படிந்துவிடும். எலும்பு அப்படிப் படிந்ததுதான். செல்லுக்குள்ளேயே அது நடந்தால் கதை முடிந்தது. அதனால் கால்சியத்தை வெளியேற்ற வெளிச்சவ்வில் ஒரு பம்பு, உள்ளேயே ஒரு கிடங்கில் அடைத்துப் பூட்ட எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னலில் இன்னொரு பம்பு. இரண்டும் ஓயாமல் ஓடுகின்றன, ஓடும்போதெல்லாம் ஏ.டி.பி.யைத் தின்கின்றன. இந்தச் செலவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது ஒரு ஆளைக் கொல்லப் பார்க்கும்.

இப்படிக் கஷ்டப்பட்டு வெளியே நிறுத்தியதில் ஒரு லாபம் கிடைத்தது. ஏரி நிரம்பி நிற்கிறது, கீழே வயல் காய்ந்து கிடக்கிறது என்றால், மதகை ஒரு சாண் தூக்கினாலே வயலுக்குச் சேதி போய்விடும். செல்லிலும் அப்படித்தான். கால்சியத்துக்கான வாயில் ஒன்று ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி திறந்தாலும் அந்த இடத்தில் அளவு பல மடங்கு எகிறும். அதைக் கவனிப்பதற்கென்றே புரதங்கள் காத்திருக்கின்றன. கால்சியம் வந்து ஒட்டியதும் அவை வடிவம் மாறி அடுத்த வேலையைத் தொடங்கும். விந்தணு நுழைந்ததும் முட்டை முழுக்க ஓர் அலை பரவுவதும், இதயம் துடிப்பதும், எச்சில் ஊறுவதும், தொட்டாற்சுருங்கி இலை மடிவதும் இந்த ஒரே அயனியை வைத்துத்தான். எங்கே நுழைந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை முறை வந்து போனது என்பதை வைத்து ஒரு செய்தியை இன்னொன்றிலிருந்து செல் பிரித்துக்கொள்கிறது.

இது மனிதர்களுக்குத் தெரியவந்ததே குழாய்த் தண்ணீரால்தான். 1880-களின் தொடக்கத்தில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர், தவளை இதயத்தை உடம்புக்கு வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது, கட்டுரையும் எழுதிவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, கரைசல் காய்ச்சி வடித்த நீரில் கலக்கப்படவில்லை, நியூ ரிவர் கம்பெனி வீடுகளுக்கு விடும் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்தது. சரி என்று ஒழுங்காக வடித்த நீரில் கலந்து பார்த்தார். துடிப்பு பலவீனமாகி நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் என்ன இருந்தது என்று தேடியதில் கிடைத்தது கால்சியம், பத்து லட்சத்தில் 38 பங்கு. 1883-ல் அதையும் மறைக்காமல் எழுதினார். இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் தொங்கும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலில் 'ஆர்' அவர்தான். லாக்டேட்டைச் சேர்த்தது 1932 வாக்கில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன். அந்தப் பாட்டிலில் இன்னும் கால்சியம் உண்டு. ரத்தம் ஏற்றும் குழாயிலேயே ஆர்.எல்.லை விடக்கூடாது என்று நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதனால்தான், பையில் இருக்கும் ரத்தம் உறையாமலிருக்கக் காரணமே அதில் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்திருப்பது.

ரிங்கர் சொன்னது கால்சியம் தேவை என்று. கால்சியமே கட்டளை என்று சொல்ல இன்னும் அறுபது வருடம் ஆனது, சொன்னவருக்கு நல்ல பெயரும் கிடைக்கவில்லை. 1947-ல் அமெரிக்காவில் ஹெய்ல்பிரன், வீர்சின்ஸ்கி என்ற இருவர் தசைநாருக்குள் ஒவ்வொரு அயனியாக ஊசியில் செலுத்திப் பார்த்தார்கள். உடம்பில் சாதாரணமாக இருக்கும் அயனிகளில் கால்சியத்துக்கு மட்டும் நார் சுருங்கியது. நோபல் வாங்கிய ஏ. வி. ஹில் கணக்குப் போட்டுக் காட்டி அதை மறுத்தார். தசை சுருங்கும் வேகத்துக்கு, மேற்பரப்பிலிருந்து ஒரு பொருள் நடுநார் வரை பரவிப் போய்ச்சேர நேரமே போதாது என்றார். கணக்கு சரி. ஆனால் கால்சியம் மேற்பரப்பிலிருந்து வரவில்லை, நாரின் உள்ளேயே ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் கிடங்கு கட்டி வைக்கப்பட்டிருந்தது. அது தெளிவாவதற்குள் 1959-ல் ஹெய்ல்பிரன் இறந்துபோனார். டோக்கியோவில் செட்சுரோ எபாஷி அறுபதுகளில் அந்தக் கிடங்கு கால்சியத்தை உறிஞ்சுவதைக் காட்டினார், தசையில் கால்சியத்தை வாங்கிக்கொள்ளும் புரதத்தையும் கண்டுபிடித்து ட்ரோபோனின் என்று பெயர் வைத்தார். நெஞ்சுவலி என்று யாராவது நடுராத்திரி வந்தால் நாங்கள் ஓட்டும் ட்ரோபோனின் டெஸ்ட் இதுதான். இதயச் செல் செத்து உடைந்தால் அதன் ட்ரோபோனின் ரத்தத்தில் கசியும்.

இனி அம்மாவின் கேள்விக்கு வரலாம். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசை சுருங்க வேண்டுமானால் வெளியிலிருந்து கால்சியம் நுழைய வேண்டும். ஆம்லோடிபின் அந்த வாயிலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நுழைவு குறைகிறது, குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. இந்த வகை மருந்துகளுக்கு அடிப்படை போட்டது ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ஆல்பிரெஷ்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன், 1960-களில். அப்படியானால் அம்மாவின் கைகால் தசை ஏன் தளரவில்லை? கைகால் தசைக்கு வெளியிலிருந்து கால்சியம் நுழையத் தேவையில்லை. சவ்வில் இருக்கும் வாயில் அசைந்தாலே போதும், அதோடு இணைந்த உள்கிடங்கின் வாயில் திறந்துகொள்ளும். ஒரே ஆளின் இரண்டு தசைகளுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் கோடிக்கணக்கானவர்களின் பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இரவு முழுங்கும் கால்சியம் மாத்திரையோ எலும்புக் கணக்கில் சேர்வது. ரத்தத்தில் அளவு கொஞ்சம் ஏறினாலும் பாராதைராய்டு சுரப்பி அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். வாயிலுக்கு வெளியே கால்சியம் சில சதவீதம் கூடியதால் வாயிலின் அடைப்பு விலகிவிடாது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்த வகை மாத்திரையைத் தெரியாமல் அளவுக்கு மீறி யாராவது சாப்பிட்டுவிட்டால், ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் கொடுக்கும் மருந்துகளில் கால்சியமும் ஒன்று. அது வேறு அளவு, வேறு வேகம். வீட்டில் கவனிக்க வேண்டிய மோதல் இன்னொன்று: தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் விட வேண்டும். இல்லையென்றால் கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இதை யாரும் செல்போனில் பரப்புவதில்லை.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் என்ன ஆகும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், தசை சோர்ந்துவிடும் என்பார்கள். மனிதர்களுக்கு நடப்பது நேர் எதிர். தைராய்டு அறுவையில் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டுகள் அடிபட்டுவிட்டால், இரண்டொரு நாளில் உதட்டைச் சுற்றி மதமதப்பு வரும், விரல்கள் குவிந்து இறுகும். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடித்து மூன்று நிமிடம் வைத்தால் கை தானாகக் கூம்பிக்கொள்ளும். நரம்பின் வெளிப்பக்கம் கால்சியம் இருக்கும்வரை நரம்பு கொஞ்சம் அடக்கமாக இருக்கிறது. அது குறைந்தால் சும்மா இருக்கும்போதே துடிக்கத் தொடங்கிவிடும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குபவர்களுக்கு விரல் மடங்கிக்கொள்வதும் இதனால்தான். கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூட, கட்டற்ற கால்சியம் அல்புமினோடு போய் ஒட்டிக்கொள்கிறது. மொத்தக் கால்சியத்தை அளந்தால் எண் சரியாகவே இருக்கும்.

பசுவுக்கு இந்தக் கதை திரும்பிவிடுகிறது. எங்கள் வீட்டில் நல்ல கறவையாக இருந்த ஒரு கலப்பினப் பசு, கன்று போட்ட மறுநாள் படுத்தது எழவில்லை. காது சில்லென்று இருந்தது, கழுத்தை மடித்து விலாவில் சாய்த்துக்கொண்டது. கால்நடை டாக்டர் வந்து பார்த்தவுடனே, "பால் காய்ச்சலுங்க" என்று சொல்லிக் கால்சியம் பாட்டிலை மாட்டினார். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது, பசுவின் ரத்தம் முழுவதையும் வழித்தெடுத்தாலும் கிடைப்பது சில கிராம்தான். எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஏற்பாடு சூடுபிடிக்க ஓரிரு நாள் ஆகும், மடி அதுவரை காத்திருக்காது. டாக்டர் ஒரு கையில் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டே மருந்தை மெல்ல விட்டார். வேகமாக ஏற்றினால் அதே கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். பாட்டில் முடிவதற்குள் உடம்பில் ஒரு நடுக்கம் ஓடியது, சாணி போட்டது, கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிட்டது. அப்பா டாக்டரைச் சாமி என்றே கும்பிட்டார்.

மனிதனுக்கு இறுகுகிறது, மாட்டுக்குத் தளர்கிறது, இரண்டுக்கும் காரணம் கால்சியக் குறைவு என்றால் எப்படி? நரம்பு முனையிலிருந்து தசைக்குக் கட்டளை போக அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவர வேண்டும், அது வெளிவர நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைய வேண்டும். இதை நிறுவிய பெர்னார்ட் காட்ஸ் இருந்ததும் ரிங்கரின் அதே யுனிவர்சிட்டி காலேஜ்தான். 1967-ல் டாட்ஜ், ரஹாமிமோஃப் இருவரும் தவளைத் தசையில் அளந்தபோது ஒரு விசித்திரக் கணக்கு கிடைத்தது. கால்சியம் குறைவாக இருக்கும் நிலையில், வெளிவரும் அளவு அதன் நான்காம் படியைப் பொறுத்தது. கால்சியம் பாதியானால் கட்டளை பதினாறில் ஒரு பங்கு. நரம்பு துள்ளுவது ஒரு பக்கம், கட்டளை தசையைச் சேராமல் போவது மறுபக்கம். மனிதரில் முதலாவது முந்திக்கொள்கிறது, பசுவில் இரண்டாவது ஜெயித்துவிடுகிறது என்பதுதான் கால்நடை மருத்துவத்தில் சொல்லப்படும் விளக்கம். பசுவுக்கும் முதலில் சிறிது நேரம் நடுக்கமும் விறைப்பும் இருக்கும், நாம் கொட்டகைக்குப் போவதற்குள் அந்தக் கட்டம் தாண்டிவிடும்.

எங்கள் கூடத்துக்குச் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் காலை மாத்திரைக்கு முன் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் என்ற மருந்தின் அளவு பார்க்க வருவார்கள். அதுவும் கால்சியக் கதையின் கிளைதான். நோய் எதிர்ப்பில் முக்கியமான டி செல், அந்நியப் பொருளைக் கண்டதும் கால்சியத்தை உள்ளே விடும். அது கால்சினியூரின் என்ற நொதியை எழுப்ப, நொதி சண்டைக்கான ஜீன்களைத் திறக்கும். டாக்ரோலிமஸ் கால்சினியூரினைக் கட்டிப்போடுகிறது, புதுச் சிறுநீரகம் பிழைக்கிறது. பக்கவாதத்தில் தடம் தலைகீழ். ரத்தம் போகாத மூளைப் பகுதியில் பம்புகளுக்கு ஏ.டி.பி. இல்லை, நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது, கால்சியம் வெள்ளமாக உள்ளே பாய்ந்து செல்லைத் தின்றுவிடுகிறது. அந்த வெள்ளத்தை மருந்தால் தடுக்கலாம் என்று நடந்த சோதனைகள் விலங்குகளில் ஜெயித்து மனிதரில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஒரு வழிமுறை புரிந்துவிட்டாலே மருந்து கிடைத்த மாதிரி என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பம்பு ஓடும் செலவு என்று சொன்னேன் அல்லவா. 1960-ல் மெல்பர்னில் கால் முறிந்து வந்த ஓர் இளைஞர், காலை விட மயக்க மருந்துக்குப் பயந்தார். அவர் குடும்பத்தில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். டாக்டர்கள் அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோதேனைக் கொடுத்தார்கள், அதற்கும் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. உடனே நிறுத்திப் பனிக்கட்டி வைத்து அவரைக் காப்பாற்றினார்கள். டென்பரோ, லவல் என்ற இரு டாக்டர்கள் இதைப் பற்றி எழுதிய சிறு கடிதத்திலிருந்துதான் இந்த நோய் மருத்துவத்துக்குத் தெரியவந்தது. பன்றிகளிலும் இதே கோளாறு இருந்தது. லாரியில் ஏற்றினாலே மிரண்டு சூடேறிச் செத்துப்போகும் வகைகள் அவை. காரணம் தசையின் உள்கிடங்கு வாயிலில் ஒரு பிழை. குறிப்பிட்ட மயக்க வாயுக்கள் பட்டால் அது திறந்தபடியே நின்றுவிடும். கால்சியம் கொட்டக் கொட்டப் பம்புகள் திரும்ப ஏற்றுகின்றன, ஏற்ற ஏற்றக் கொட்டுகிறது, தசையோ இறுகிக்கொண்டே போகிறது. ஏ.டி.பி. எரிந்து எல்லாம் சூடாக மாறுகிறது. அந்தக் காலத்தில் இது வந்த நூறு பேரில் எழுபது எண்பது பேர் இறந்தார்கள். வாயிலை அடக்கும் டான்ட்ரோலின், 1975-ல் பன்றிகளில் வேலை செய்வது தெரிந்து பயன்பாட்டுக்கு வந்த பிறகு இறப்பு பத்துக்கும் கீழே இறங்கியது. அறுவைக்கு முன் மயக்க மருத்துவர், "உங்க சொந்தத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்பதற்குப் பின்னால் இந்தக் குடும்பமும் இருக்கிறது.

இதே வீண்செலவை வேண்டுமென்றே செய்கிற பிராணிகளும் உண்டு. வாள்மீனுக்கும் மயில்மீனுக்கும் கண்ணை அசைக்கும் தசையில் ஒரு பகுதி சுருங்கும் வேலையையே விட்டுவிட்டது. கால்சியத்தைக் கிடங்கிலிருந்து கொட்டித் திரும்ப ஏற்றிச் சூடு உண்டாக்குவது மட்டும்தான் அதன் தொழில். ஆழத்துக் குளிர்நீரில் மீனின் கண்ணும் மூளையும் வெதுவெதுப்பாக இருக்கும்.

அந்த உள்கிடங்கு வாயிலுக்கு ரயனோடின் ஏற்பி என்று பெயர். ரயானியா என்ற தென்னமெரிக்கச் செடியின் விஷம் அதில் ஒட்டுவதால் வந்த பெயர். செடியைப் பொடித்து 1940-களிலேயே பூச்சிமருந்தாக விற்றார்கள். 2000-களின் பிற்பாதியில் அதே வாயிலைக் குறிவைத்துச் செயற்கையாகச் செய்த மருந்துகள் சந்தைக்கு வந்தன. எங்கள் அண்ணன் மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு அடிக்கும் குளோரன்ட்ரானிலிப்ரோல் அந்த வகை, கடையில் கொராஜன் என்று கேட்டு வாங்குவார்கள். புழு தின்ற சில மணி நேரத்தில் அதன் தசைக் கிடங்கு ஒழுகிக் காலியாகும், வாய் அசையாது, தின்பதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாளில் சாகும். நமக்கும் இந்த வாயில் உண்டு, ஆனால் அமைப்பு வேறு என்பதால் பாலூட்டிகளில் இம்மருந்து மிக மிகக் குறைவாகவே ஒட்டுகிறது.

புழுக்களும் சும்மா இருக்கவில்லை. முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியில், ஏறக்குறைய ஐயாயிரம் அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் புரதத்தில் ஒன்றே ஒன்று மாறி மருந்து ஒட்டாமல் போனதை 2012-ல் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் பூச்சிகளில் கண்டுபிடித்தார்கள். அப்படி மாறிய பூச்சிக்கு அளவைக் கூட்டி அடிப்பதை விட வேறு இடத்தில் தாக்கும் மருந்துக்கு மாறுவதுதான் வழி. பூச்சிமருந்துகளை அவை தாக்கும் இடத்தை வைத்து எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள், இது 28-ம் வகை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, தான் ஒரே மருந்தை அடிப்பதில்லை, ஒரு தடவை இது, அடுத்த தடவை ஃப்ளூபென்டியமைடு என்று மாற்றி மாற்றித்தான் அடிப்பதாகப் பெருமையாகச் சொன்னார். ஃப்ளூபென்டியமைடும் 28-ம் வகைதான் என்றேன். டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற கம்பெனி, வேற கலரு, வெலையும் வேற, அதெப்படிடா ஒண்ணாகும்?" என்றார்.